ஆடு குட்டி போட்டுகீது: பள்ளிப் பார்வைக்கு வருபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

வேலூர்ப் பக்கத்துத் தொடக்கப் பள்ளிகளுக்குப் பார்வைக்கு வரும் அலுவலர்களுக்கும், வட்டார வள மையங்களின் ஆசிரியப் பயிற்றுநர்களுக்கும்,

வணக்கம்.

குடியாத்தத்துக்கும் கே.வி.குப்பத்துக்கும் நடுவில் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் பாடம் எடுக்கிறவன் நான். இருபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஒன்று, இரண்டு, மூன்று என மூன்று வகுப்பும் ஒரே அறையில் உட்காரும் பள்ளி. உங்களிடம் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது. அதற்கு முன்னால் என் தப்பு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

2009 வாக்கில் மூன்றாம் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். வாயைத் திறந்தால் மூட மாட்டான். எழுதச் சொன்னால் பென்சில் சீவ எழுந்து போய்விடுவான். ஒரு திங்கட்கிழமை காலையில் யாரும் சொல்லாமலே நோட்டைக் கொண்டுவந்து நீட்டினான். மூன்று வரி எழுதியிருந்தான்.

"எங்க ஊட்ல ஆடு குட்டி போட்டுகீது. ரெண்டு குட்டி. ஒண்ணு செத்துபுச்சி."

நான் என்ன செய்தேன்? 'ஊட்ல' என்பதை 'வீட்டில்' ஆக்கினேன். 'போட்டுகீது' என்பதைப் 'போட்டிருக்கிறது' ஆக்கினேன். 'செத்துபுச்சி'யை 'இறந்துவிட்டது' ஆக்கினேன். மூன்று வரியில் ஆறு இடத்தில் சிவப்பு மை. போதாததற்கு, திருத்தியதை ஐந்து முறை எழுதி வரச் சொன்னேன். எழுதியும் வந்தான். அதற்கப்புறம் அந்த வருடம் முடியும்வரை அவனாக ஒரு வரி எழுதவில்லை. செத்துப்போன குட்டி கறுப்பா வெள்ளையா என்றுகூட நான் கேட்கவில்லை.

அந்த நோட்டு எனக்கு ஒன்றைப் புரியவைத்தது, கொஞ்சம் தாமதமாகத்தான். நம் பிள்ளைகளுக்கு எழுத்து வராமல் இல்லை. எழுதுவதற்கு ஒரு சேதி இருக்கிற அன்றைக்கு எழுத்து தானாக வருகிறது. அந்தச் சேதியைக் கேட்க நமக்குத்தான் நேரம் இருப்பதில்லை. பார்வைக்கு வந்தால் பயிற்சி நூலில் எத்தனை பக்கம் முடிந்திருக்கிறது என்று பார்க்கிறீர்கள். அதை நிரப்பிக் காட்டுவதிலேயே எங்கள் வாரம் போய்விடுகிறது.

இப்போது என் வகுப்பில் காலையில் முதல் வேலை பேச்சுதான். நேற்று சாயங்காலத்திலிருந்து இன்று காலைக்குள் என்ன நடந்தது என்று கேட்பேன். ஒருத்தி, மாமா வீட்டு நாய் தபால்காரரைத் துரத்தியதைச் சொல்வாள். அவள் வாயில் வந்ததை வந்தபடியே கரும்பலகையில் எழுதுவேன். "தொர்த்திகினு போச்சி" என்றால் அப்படியே. பிறகு எல்லாரும் சேர்ந்து வாசிப்போம். படிக்கத் தெரியாத பிள்ளையும் வாசித்துவிடும், ஏனென்றால் அதில் என்ன இருக்கிறது என்று அதற்கு ஏற்கெனவே தெரியும். தெரிந்த வாக்கியத்தில் தெரியாத எழுத்தைத் தேடிப் பிடிப்பது ஒரு விளையாட்டு மாதிரி ஆகிவிடும். தெரியாத வாக்கியத்தில் தெரியாத எழுத்து என்றால் பிள்ளை எதைப் பிடித்துக்கொள்ளும்?

அப்படியானால் நல்ல தமிழ் எப்போது வரும் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். பலகையின் நடுவில் ஒரு கோடு போடுவோம். இடப்பக்கம் 'ஊட்டுப் பேச்சு', வலப்பக்கம் 'புத்தகப் பேச்சு'. கீது என்றால் இருக்கிறது, இஸ்து என்றால் இழுத்து, துன்னுச்சி என்றால் தின்றது. இரண்டாம் வகுப்பின் கடைசியில் பிள்ளைகளே கோட்டைத் தாண்டி மாற்றிச் சொல்லிவிடுகிறார்கள். இடப்பக்கத்தை அழிப்பது மட்டும் கிடையாது. ஆந்திர எல்லை பக்கத்தில் இருப்பதால் வீட்டில் தெலுங்கு பேசுகிற பிள்ளைகள் உண்டு, உருது பேசுகிற பிள்ளைகளும் உண்டு. அவர்களுக்காக இடப்பக்கத்தை இன்னும் அகலமாக்கிக்கொள்வோம். ஆடு, மேக, பக்ரி என்று ஒரே மிருகத்துக்கு மூன்று அட்டை, மூன்றும் தமிழ் எழுத்தில். 'மேக' என்பது ஆடு என்று தெரிந்த அன்றைக்கு, வானத்தில் ஆடு மேய்கிறது என்று ஒருவன் சொல்ல, வகுப்பே சிரித்துத் தீர்த்தது.

இது நான் கண்டுபிடித்த வித்தை கிடையாது. நியூசிலாந்தில் மாவோரிப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்த சில்வியா ஆஷ்டன் வார்னர் என்ற ஆசிரியை, ஒவ்வொரு பிள்ளையிடமும் 'இன்றைக்கு உனக்கு என்ன சொல் வேண்டும்' என்று கேட்டு, அந்தச் சொல்லை அட்டையில் எழுதிக் கொடுத்துத்தான் வாசிக்கச் சொல்லிக் கொடுத்தார். அவ்வளவு தூரம் போக வேண்டாம். அறிவொளி இயக்கத்தில் பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தபோது முதல் பாடம் 'அ'னாவில் தொடங்கவில்லை, 'பட்டா' என்ற சொல்லில் தொடங்கியது. நிலமில்லாதவருக்கு அந்தச் சொல்லை விடப் பெரிய சொல் எது? எட்டு வயதுப் பிள்ளைக்கு ஆட்டுக்குட்டியும் அதே மாதிரி ஒரு சொத்து.

எழுத்தைக் கற்றுக்கொடுக்காமல் கதை பேசிக்கொண்டிருக்கிறான் என்று நினைத்துவிட வேண்டாம். அந்தத் தப்பையும் ஒரு வருடம் செய்து பார்த்தவன்தான். பாட்டும் விளையாட்டுமாக வருடம் போனது. மூன்று பிள்ளைகள் ல, ள, ழ எது எது என்று தெரியாமலே நான்காம் வகுப்புக்குப் போனார்கள். எழுத்தை எழுத்தாகவே, வரிசையாக, தினமும் சொல்லிக்கொடுத்துத்தான் ஆக வேண்டும். ஆனால் அதையும் உட்கார்ந்த இடத்தில் செய்ய வேண்டியதில்லை.

தமிழில் பிள்ளைகளை மிகவும் குழப்புவது கொம்பு. 'கெ' என்று சொல்லும்போது க் முன்னால் வருகிறது, எ பின்னால் வருகிறது. எழுதும்போது எகரத்தின் அடையாளம் முன்னால் ஓடிப்போய் நின்றுகொள்கிறது. 'கொ' இன்னும் மோசம்: ஒரே ஒலிக்கு இடப்பக்கம் ஒரு கொம்பு, வலப்பக்கம் ஒரு கால். பெரியவர்களுக்கு இது பழகிப்போய்க் கண்ணில் படுவதில்லை. ஆறு வயதில் இது ஒரு பெரிய அநியாயம். 'கெடு' என்பதைப் பிள்ளைகள் முதலில் க எழுதி, அப்புறம் கொம்பு போட்டு எழுதுவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பிள்ளை கேட்ட வரிசையில் எழுதுகிறது. அதைக் கவனக்குறைவு என்று சொல்ல முடியாது.

அதனால் நாங்கள் முற்றத்துக்குப் போய்விடுவோம். பதினெட்டுப் பிள்ளைகள் கழுத்தில் மெய்யெழுத்து அட்டை. மற்றவர்களில் ஒருத்தி ஒற்றைக் கொம்பு, ஒருவன் இரட்டைக் கொம்பு, இரண்டு பேர் கால். நான் 'கோழி' என்று கத்துவேன். க ஓடி வந்து நடுவில் நிற்கும். இரட்டைக் கொம்பு அதன் இடப்பக்கம் ஓட வேண்டும், கால் வலப்பக்கம். தப்பான பக்கம் போய் நின்றவர் ஒரு சுற்று ஓடி வர வேண்டும். ஒரு வாரம் கொம்பாக ஓடிய பிள்ளை நோட்டில் கொம்பை இடம் மாற்றிப் போடுவதில்லை. அது கைக்குத் தெரிவதற்கு முன்னால் காலுக்குத் தெரிந்துவிடுகிறது. 'கௌதாரி' வந்தால் மட்டும் சண்டை வரும்: கடைசியில் நிற்பவன் 'ள'வா, வேறு ஆளா என்று. வயல் பக்கம் அவர்கள் பார்க்கிற பறவை, 'கவுதாரி' என்று சொல்லிப் பழகியது. சண்டை தீரட்டும் என்று விட்டுவிடுவேன்.

இதில் இன்னொரு சங்கதி. ஒரு பிள்ளை தாத்தாவின் பழைய கடிதம் ஒன்றைக் கொண்டுவந்தது. அதில் 'னை', 'லை' எல்லாம் தும்பிக்கை வைத்த பழைய வடிவத்தில். 1978-இல் எழுத்துச் சீர்திருத்தம் வந்து அந்தத் தும்பிக்கை போனது என்று சொன்னேன். 'அப்போ தாத்தா எழுதினது தப்பா சார்?' என்று கேட்டார்கள். எழுத்தும் மாறும் என்பது அன்று அரை மணி நேரத்தில் புரிந்தது. எந்தப் பயிற்சி நூலிலும் அதற்குப் பக்கம் இல்லை.

வாசிப்பைப் பற்றிச் சொன்னால் கூத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. நம் வடாற்காட்டில் பாரதக் கூத்து பார்க்காத பிள்ளை குறைவு. பாடத்தை 'இன்னொரு தடவை வாசி' என்றால் முகம் சுருங்கும். அதே பாடத்தைக் கட்டியங்காரன் மாதிரி சபைக்கு வந்து அறிவிக்க வேண்டும் என்றால், வாசற்படியில் நின்று பத்துத் தடவை ஒத்திகை பார்க்கிறார்கள். எழுத்துக்கூட்டி வாசிக்கும் பிள்ளை தடையில்லாமல் வாசிப்பதற்கு ஒரே பகுதியைத் திரும்பத் திரும்ப வாய்விட்டு வாசிப்பதுதான் வழி. அதற்குக் காரணம் ஒன்று வேண்டும். கட்டியங்காரன் அந்தக் காரணத்தைத் தருகிறான். துண்டு ஒன்று, கோல் ஒன்று, செலவு இல்லை.

எழுதுவதற்கு வேலூரே ஒரு பாடம் தந்திருக்கிறது. 'நீரில்லா ஆறு, மரமில்லா மலை, அரசனில்லாக் கோட்டை, சாமியில்லாக் கோயில்' என்று நம் ஊரைக் கேலி செய்யும் பழைய வரிசை தெரியும்தானே. (அதில் இன்னும் சில 'இல்லா'க்கள் உண்டு, அவை மடலுக்கு ஆகாது.) ஜலகண்டேஸ்வரர் 1981-இல் கோட்டைக் கோயிலுக்குத் திரும்ப வந்துவிட்டார். 2021 நவம்பரில் பாலாறு இரு கரையும் தொட்டுக்கொண்டு ஓடியது. அதனால் பழைய வரிசை பாதி பொய்யாகிவிட்டது, நீங்கள் புதிதாக ஒன்று எழுதுங்கள் என்று மூன்றாம் வகுப்பில் சொன்னேன். பல்லில்லா ஆயா, மையில்லாப் பேனா, பஸ்ஸில்லா ஊரு என்று வந்தது. ஒரு பெண் 'அப்பா இல்லாப் பொங்கல்' என்று எழுதியிருந்தாள். அவள் அப்பா பெங்களூரில் கட்டட வேலை. வகுப்பு கொஞ்ச நேரம் பேசவில்லை. 'இல்லா' என்பது ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம் என்பதை உயர்நிலைப் பள்ளியில் யாராவது அவளுக்குச் சொல்லிக்கொடுப்பார்கள். அதைப் பயன்படுத்தத் தெரிந்துவிட்டது, அது போதும்.

எங்கள் வகுப்பில் எனக்குப் பிடித்தது தபால்பெட்டி. ஆம்பூர்ப் பக்கம் ஷூ கம்பெனிக்கு வேலைக்குப் போகும் அம்மா ஒருவர் கொடுத்த அட்டைப்பெட்டி. மேலே ஒரு கீறல், சிவப்புத் தாள் ஒட்டியது. யார் வேண்டுமானாலும் யாருக்கு வேண்டுமானாலும் எழுதிப் போடலாம்: எனக்கு, காலை உணவு சமைக்கும் அக்காவுக்கு, பக்கத்து பெஞ்சுக்கு. வெள்ளிக்கிழமை பெட்டி திறக்கும். விதிகள் மூன்றுதான். வந்த கடிதத்துக்குப் பதில் எழுத வேண்டும். அடுத்தவர் கடிதத்தை யாரும் பிரிக்கக் கூடாது, சாரும் பிரிக்கக் கூடாது. யாரும் யாருக்கும் பிழை திருத்தக் கூடாது.

பிழையை விட்டுவிட்டால் பிள்ளை எப்படித் திருந்தும் என்று கேட்பீர்கள். இதைக் கேளுங்கள். ஒருத்தி தன் தோழிக்கு 'எங்க மாடு நிறைய பல் குடுக்கும்' என்று எழுதிவிட்டாள். பால் என்பதில் கால் விட்டுப்போனது. அடுத்த வெள்ளிக்கிழமை பதில் வந்தது: 'மாடு எப்டி பல் குடுக்கும்? உனக்கு எத்தினி பல் குடுத்துச்சி?' அவள் கடிதத்தைத் திரும்ப வாங்கி, தானே கால் போட்டு, தானே சிரித்து, எல்லாருக்கும் காட்டிக்கொண்டு திரிந்தாள். என் சிவப்பு மை பதினைந்து வருடமாகச் செய்யாததை ஒரு தோழியின் கேள்வி செய்தது. படிக்கிறவருக்குப் புரியவில்லை என்றால் எழுதியவருக்கே உறைக்கிறது.

சமையல் அக்காவுக்கு எழுதியவை ஒரு கட்டு சேர்ந்துவிட்டது. பெரும்பாலும் கிச்சடியைப் பற்றி. அவரும் பதில் எழுதுகிறார். ஆரம்பத்தில் எனக்கு எழுத வராது என்று தயங்கினார். மூன்றாவது வாரம் 'காரம் கொறச்சிருக்கேன், மீதி வைக்காம துன்னணும்' என்று எழுதிப் போட்டார். அதையும் நான் திருத்தவில்லை.

சரி, இதெல்லாம் நம் மாவட்டத்துக்குப் புதிதா? இல்லை. செயல்வழிக் கற்றல் என்ற முறையை 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, பிறகு மாநிலம் முழுவதற்கும் கொண்டுபோன எம்.பி.விஜயகுமார் அவர்கள், அதற்கு முன்னால் நம் மாவட்டத்தின் ஆட்சியராக இருந்தவர். கொத்தடிமையாக பீடி சுற்றிக்கொண்டிருந்த பிள்ளைகளை மீட்டுப் படிக்கவைத்த அனுபவம் இந்த மண்ணில் கிடைத்தது. மதனப்பள்ளிக்குப் பக்கத்தில் ரிஷி வேலியில் செய்துபார்த்த, பிள்ளை தானே எடுத்துப் படிக்கும் அட்டைகளும், அடுத்து எந்த அட்டை என்று காட்டும் ஏணிப்படிகளும் அதில் சேர்ந்தன. அந்த முறையில் எனக்குக் குறைகள் தெரியும். அட்டையை மாற்றுவதே படிப்பு என்று ஆகிப்போன வகுப்புகளைப் பார்த்திருக்கிறேன். ஆனால் இரண்டு நல்ல காரியம் செய்தார்கள். சுவரின் அடியில், பிள்ளையின் கை எட்டும் உயரத்தில், ஆளுக்கொரு கரும்பலகைத் துண்டு. தலைக்கு மேலே கம்பிப் பந்தல், அதில் பிள்ளைகள் எழுதியது, வரைந்தது தொங்கும்.

எங்கள் பள்ளிக்கு வெள்ளையடித்தபோது அந்தத் தாழ்பலகையை மூடிவிட்டு மேலே கார்ட்டூன் பொம்மை வரைந்துவிட்டார்கள். நான் விடுப்பில் இருந்தேன். வந்து பார்த்தால் பிள்ளைகளின் பலகை இருந்த இடத்தில் ஒரு முயல் சிரித்துக்கொண்டிருக்கிறது. பார்க்க அழகாகத்தான் இருக்கிறது, அதன்மேல் ஒரு எழுத்தும் எழுத முடியாது. இதே ரகம்தான் தெர்மாகோல். கற்றல் பொருள் கண்காட்சி என்று அறிவிப்பு வந்தால் ஆசிரியர்கள் ராத்திரி கண்விழித்து வெட்டி ஒட்டுகிறோம். பிள்ளை தொட்டால் உடைந்துவிடும் என்று எட்டாத உயரத்தில் மாட்டுகிறோம். படைப்பு என்று நீங்கள் பாராட்டிவிட்டுப் போவது பெரும்பாலும் எங்கள் கைவேலையை.

2022 ஜூனில் எண்ணும் எழுத்தும் என்ற அரசுத் திட்டம் வந்தது. கொரோனாவில் விட்டுப்போன பிள்ளைகளுக்கு அது வேண்டியதாகத்தான் இருந்தது. வகுப்பைப் பார்க்காமல் நிலையைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்தது எங்கள் மாதிரி ஒரே அறைப் பள்ளிக்கு உதவியது. வாசிப்பு இயக்கத்தில் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு நிலையாக வந்த புத்தகங்களும் நல்ல புத்தகங்கள். எங்கள் பிள்ளைகள் கிழித்துக்கிழித்துப் படித்துவிட்டார்கள். கிழியக் கூடாது என்று பீரோவில் பூட்டி வைத்திருக்கும் பள்ளிகளுக்கு நீங்களே ஒரு வார்த்தை சொல்லலாம்.

சிக்கல் திட்டத்தில் இல்லை, நீங்கள் வந்து பார்க்கிற விதத்தில் இருக்கிறது. ஒருமுறை பார்வைக்கு வந்த ஒருவர் (பெயர் வேண்டாம், ஊரும் வேண்டாம்) கயிற்றில் தொங்கிய பிள்ளைகளின் கைப்புத்தகங்களைப் பார்த்தார். ஒரு தாளை மடித்து நடுவில் ஒரு வெட்டு வெட்டினால் எட்டுப் பக்கப் புத்தகம் வரும். அதில் அவர்களே எழுதி, படம் போட்டு, அட்டையில் தங்கள் பெயரையும் போட்டுக்கொள்வார்கள். வைகாசி ஒன்றாம் தேதி குடியாத்தத்தில் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா பார்த்துவிட்டு, பள்ளி திறந்ததும் எழுதியவை அவை. கூட்டத்தில் செருப்பு தொலைந்த கதை, ராட்டினத்தில் வாந்தி எடுத்த கதை. அவர் ஒன்றை எடுத்துப் பிரித்தார். 'இவ்வளவு பிழையோடு தொங்கவிட்டிருக்கிறீர்களே, பெற்றோர் பார்த்தால் என்ன நினைப்பார்கள்' என்றார். பிறகு பயிற்சி நூலைக் கேட்டார். பதினொரு பக்கம் நிரம்பாமல் இருந்தது. அதைக் குறித்துக்கொண்டு போனார். அந்தப் புத்தகத்தை எழுதிய பிள்ளை பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தது. 'எங்கே, இதை வாசி பார்க்கலாம்' என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அது தடங்கலில்லாமல் வாசித்திருக்கும், ஏனென்றால் அது தொலைத்தது அதன் சொந்தச் செருப்பு.

அதனால் கேட்கிறேன். பார்வைக்கு வரும்போது, நிரம்பிய பக்கங்களை எண்ணுவதற்கு முன்னால், ஏதாவது ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு அது எழுதியதை அதையே வாசிக்கச் சொல்லுங்கள். எங்களிடம் கேட்காமல் நீங்களே பிள்ளையைத் தேர்ந்தெடுங்கள். வாரத்தில் ஒரே ஒரு பாடவேளையை எமிஸ் என்ற இணையத்தளப் பதிவும் தேர்வும் பதிவேடும் தொடாமல் விட்டுவையுங்கள். அந்த ஒரு பாடவேளைக்குக் கணக்காகப் பிள்ளைகளின் கைப்புத்தகத்தை ஏற்றுக்கொள்ளுங்கள், பிழையோடு. பயிற்சி நூலை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வாரத்துக்குச் சில பக்கம் குறைந்தால் ஏன் என்று குறிப்பு எழுதாதீர்கள், அவ்வளவுதான். மானியத்தில் தெர்மாகோலுக்குப் பதிலாக ஒரு கட்டு வெள்ளைத் தாள் வாங்கினால் தணிக்கையில் கேள்வி கேட்காதீர்கள். அப்புறம் அந்த முயல்: அதை அழித்துத் திரும்பக் கரும்பலகை பூச அனுமதி கொடுத்தால் சாயச் செலவு என்னுடையது.

பயிற்றுநர்களே, உங்களுக்கும் ஒன்று. பயிற்சியில் எங்களுக்குப் பாட்டும் செயல்பாடும் ஓடிக்கொண்டே காட்டுகிறீர்கள். ஒரு நாள் எங்களையும் எழுதச் சொல்லுங்கள். நூற்றுக்கும் மேல் ஆசிரியர்கள் உட்கார்ந்திருக்கும் கூடத்தில், 'உங்கள் வீட்டில் நேற்று என்ன நடந்தது, மூன்று வரி' என்று கேட்டுப் பாருங்கள். எத்தனை பேர் பென்சில் சீவ எழுந்து போகிறோம் என்று தெரியும்.

போன வாரம் பெட்டியில் ஒரு கடிதம் விழுந்திருக்கிறது. மேலே 'பெரிய ஆபீசருக்கு' என்று இருக்கிறது, மூன்றாம் வகுப்புக் கையெழுத்து, 'பெரிய'வில் கொம்பு சரியான பக்கத்தில் நிற்கிறது. உள்ளே என்ன என்று எனக்குத் தெரியாது. பிரிக்கக் கூடாது என்பது எங்கள் விதி. உங்களில் யார் வந்தாலும் அது உங்களுக்குத்தான். பதிலைப் பச்சை மையில் எழுதினாலும் பரவாயில்லை. வெள்ளிக்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்குப் பெட்டி திறப்போம்.

இப்படிக்கு,
குடியாத்தம் பக்கத்து இடைநிலை ஆசிரியன் ஒருவன்